இருட்டறையில் விழிப்பு

ஒளியைக் கொண்டு உருவம் வரையும் கலை ஒளிப்படக் கலையாகும். இக்காலத்தில் அக்கலை எல்லார்க்கும் எளிதாகிவிட்டது. சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசியை எடுத்துத் தொட்ட அளவில் படம் தோன்றிவிடுகின்றது. அதற்கு இருட்டறை வேண்டுவதில்லை, கரைசல்கள் வேண்டுவதில்லை, காத்திருத்தலும் வேண்டுவதில்லை. ஆயினும், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய முறைகளை விரும்பிக் கற்று, தம் கையாலேயே தாளிலும் கண்ணாடியிலும் மருந்து பூசிப் படமெடுப்போர் இன்றும் உலகின் பல நாடுகளில் உள்ளனர். கைத்தறி ஆடைக்கென ஒரு தனியழகு இருத்தல் போல, இவ்வாறு கையால் ஆக்கப்படும் படங்களுக்கும் ஒரு தனியழகு உண்டு. ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை.

ஆனால், இவ்வழகுக்குப் பின்னே மறைந்து நிற்கும் பொருள்கள் சிலவற்றை நாம் மறத்தலாகாது. பழைய ஒளிப்பட முறைகள் பலவும் கொடிய இரசாயனப் பொருள்களைக் கொண்டே நடைபெற்றன. பாதரசம், ஈதர், சயனைடு, குரோமிய உப்பு ஆகியவை அவற்றுட் சில. அவற்றைக் கையாளும் நெறி அறிந்தோர் நெடுநாள் வாழ்ந்து நல்ல படங்களை ஆக்கினர். அறியாதோரும், அறிந்தும் பொருட்படுத்தாதோரும் தம் உடல்நலத்தை இழந்தனர். அந்நெறி யாது என்பதை, அக்கலையின் வரலாற்றோடு சேர்த்து இங்குக் காண்போம்.

பிரெஞ்சு நாட்டினரான டாகேர் என்பவர் கண்டறிந்த முறை 1839 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19 ஆம் நாள் பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அவர் கண்ணாடி போல் மெருகிட்டார். அயோடின் ஆவியில் காட்டினார். பின்னர் ஒளிப்படப் பெட்டியுள் வைத்து ஒளிபடச் செய்தார். அப்போதும் தகட்டில் உருவம் தெரிவதில்லை. சூடேற்றிய பாதரசத்தின் ஆவியில் அத்தகட்டைப் பிடித்தபோதுதான், மறைந்திருந்த உருவம் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. கண்டோர் வியந்தனர். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறையைத் தொழிலாகக் கொண்டோர் பெருகினர்.

பாதரசத்தின் ஆவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. ஆதலால், அது தம் மூச்சில் கலந்து உட்செல்வதை ஒருவரும் உணர்வதில்லை. அஃது ஒருநாளில் கொல்லும் நஞ்சன்று. நாள்தோறும் சிறிது சிறிதாக உடலிற் சேர்ந்து நரம்புகளைத் தாக்கும். கை நடுங்கும், ஈறு வீங்கும், நினைவு தளரும், காரணமின்றிச் சினமும் சோர்வும் தோன்றும், சிறுநீரகமும் கெடும். அடைத்த அறையில் பாதரசத்தைச் சூடேற்றிப் பல ஆண்டுகள் உழைத்தவர்களை இத்துன்பங்கள் சூழ்ந்தன. பாதரசம் சூடேறாத போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதும் நாம் அறியத்தக்கது. உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய மணிகள் தரையின் வெடிப்புகளிற் புகுந்து, நெடுநாள் காற்றைக் கெடுக்கும். ஆதலின், அவற்றைத் துடைப்பத்தால் பெருக்குதலும் கையில் வைத்து விளையாடுதலும் கூடா.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. 1840 ஆம் ஆண்டிலேயே எட்மண்டு பெக்கெரல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, அயோடின் ஏற்றிய தகட்டை ஒளிப்படப் பெட்டியிலிருந்து எடுத்தபின் சிவப்பு ஒளியில் வைத்தால் பாதரசமின்றியே உருவம் வெளிப்படும் எனக் கண்டார். இந்நாளில் அப்பழைய தகட்டுப் படங்களை ஆக்குவோர் பலர் அவர் வழியையே பின்பற்றுகின்றனர். இதிலிருந்து முதல் நெறி ஒன்று புலனாகின்றது. கொடிய பொருளைக் கையாளக் கற்பதற்கு முன், அப்பொருள் தேவைதானா என்று வினவுதல் வேண்டும். தீங்கு குறைந்த பொருளால் முடியும் செயலுக்குத் தீங்கு மிகுந்த பொருளை நாடுதல் அறிவுடைமையாகாது.

1851 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் ஸ்காட்டு ஆர்ச்சர் என்பவர் புதியதொரு முறையை வெளியிட்டார். நைட்ரிக அமிலத்தால் பக்குவம் செய்த பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்னும் பசை போன்ற நீர்மம் கிடைக்கும். அதனைக் கண்ணாடியின் மீது ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே உருவை வெளிப்படுத்துதல் வேண்டும். இதனால் இதற்கு ஈரத் தகட்டு முறை எனப் பெயர் வந்தது. அக்கால ஒளிப்படக்காரர்கள் வெளியூர் செல்லுங்கால் இருட்டறையாகக் கூடாரத்தையும், புட்டிகள் அடங்கிய பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர்.

இம்முறையில் பயன்படும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் விழிப்பை வேண்டுவன. ஈதர் 34.6 பாகை செல்சியசு வெப்பத்திலேயே கொதிக்கும். நம் நாட்டுக் கோடையில் நிழலிலுள்ள காற்றின் வெப்பமே அதனைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அதன் ஆவி காற்றினும் கனமானது. மேலெழாமல் தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும். அறையின் ஒரு மூலையில் திறந்து வைத்த புட்டியிலிருந்து புறப்பட்ட ஆவி, மறு மூலையில் எரியும் சுடரைச் சென்று பற்றி, வந்த வழியே தீயாகத் திரும்பும். புட்டியைத் தொலைவில் வைத்தோம் என்று எண்ணுவோர் இதனால் ஏமாறுவர். ஈதர் உள்ள அறையில் விளக்குச் சுடர், அடுப்பு, சுருட்டு ஆகிய எதுவும் இருத்தலாகாது. நெடுநாள் திறந்து மூடிய ஈதர்ப் புட்டியில் வெடிக்கும் இயல்புடைய பொருள்கள் உண்டாதலும் உண்டு. ஆதலால் அதனைச் சிறிதளவே வாங்கி, நாள் குறித்து வைத்து, விரைவில் பயன்படுத்துதல் வேண்டும்.

வெள்ளி நைட்ரேட்டு தோலிற் பட்ட உடனே எவ்வித அடையாளமும் காட்டுவதில்லை. ஒளிபட்ட பின்னரே அவ்விடம் கறுக்கும். அக்கால ஒளிப்படக்காரர்களை அவர்களுடைய கரிய விரல்களைக் கொண்டே அடையாளம் காணலாயிற்று. விரலின் கறை சில நாளில் நீங்கும். ஆனால், ஒரு துளி கண்ணிற் பட்டாலோ பார்வைக்கே கேடு நேரும். ஆதலால், தகட்டை வெள்ளிக் கரைசலில் தோய்க்கும்போதும் எடுக்கும்போதும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இன்றியமையாதது. ஒளியைத் தேடும் கலைஞர், ஒளியைக் காணும் கண்ணை இழத்தல் தகுமோ?

எல்லாவற்றினும் கொடியது பொட்டாசியம் சயனைடு. வெளிப்பட்ட உருவம் மீண்டும் ஒளியால் கெடாதபடி, ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்குதல் வேண்டும். இதனை நிலைப்படுத்துதல் என்பர். சயனைடு அப்பணியை விரைந்து முடித்து, படத்திற்குப் பளிச்சென்ற தோற்றமும் தந்தது. ஆகவே பலர் அதனை விரும்பினர். சிலர் வெள்ளிக் கறை படிந்த விரல்களைத் தூய்மை செய்யவும் அதனைத் தேய்த்துக்கொண்டனர். மிகச் சிறிய அளவே உயிரைப் போக்கவல்ல நஞ்சு அஃது என்பதை அவர்கள் அறியாமலில்லை. நாள்தோறும் கையாண்ட பழக்கத்தால் அச்சம் தேய்ந்துவிட்டது. அறியாமையினும் பழக்கம் சில வேளைகளில் கொடிது.

கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற சூலியா மார்கரெட்டு காமெரான் அம்மையார் தம் 48 ஆம் வயதில் ஒளிப்படக் கலையைத் தொடங்கியவர். மகளும் மருமகனும் 1863 ஆம் ஆண்டில் பரிசாகத் தந்த ஒளிப்படப் பெட்டியைக் கொண்டு, ஈரத் தகட்டு முறையில் அவர் எடுத்த உருவப்படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. பிற்காலத்தில் இலங்கைக்குச் சென்று வாழ்ந்து, 1879 ஆம் ஆண்டில் அங்கேயே அவர் காலமானார். வானநூல் வல்லுநரும் இரசாயன அறிஞருமான சர் சான் ஹெர்ஷல் அவருடைய நெடுநாள் நண்பர். அம்மையார் சயனைடுக் கரைசல் தம் கைகளின் மீது வழிந்தோடும்படி வேலை செய்து வருவதை அறிந்த ஹெர்ஷல் பதைபதைத்தார். படங்களைப் பாராட்டிய அதே கடிதத்தில், அக்கொடிய நஞ்சைப் பற்றி எச்சரித்து, கவனமாக இருக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொண்டார். கலையைப் பாராட்டுதல் எளிது. கலைஞரின் நலத்தையும் எண்ணி இடித்துரைத்தல் நல்ல நண்பர்க்கே உரியது.

ஹெர்ஷல் அஞ்சியதற்கு இரசாயன நூலில் தெளிவான காரணம் உண்டு. சயனைடு அமிலத்தோடு கூடினால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சுவாயு கிளம்பும். ஈரத் தகட்டில் உருவை வெளிப்படுத்தும் கரைசலிலோ அசெட்டிக அமிலம் கலந்திருக்கின்றது. அக்கரைசல் வழியும் தகட்டை நன்றாகக் கழுவாமல் சயனைடுத் தொட்டியில் இட்டால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டிற்கும் நடுவே தகட்டை நீரில் நன்கு கழுவுதல் வேண்டும் என்னும் விதி, படத்தின் தூய்மைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. படமெடுப்பவர் உயிருக்காகவும் ஏற்பட்டது. அவ்வாயுவுக்கு வாதுமைக் கசப்பு மணம் உண்டு என்பர். ஆயினும், பிறவியிலேயே அம்மணத்தை உணர இயலாதவர் பலர் உளர். ஆதலால் மூக்கை நம்பி இருத்தல் பிழையாகும்.

இதற்கும் தீங்கு குறைந்த மாற்று இருந்தது. அதனைக் கண்டவரும் ஹெர்ஷலே ஆவார். இன்று ஹைப்போ என வழங்கும் சோடியம் தயோசல்பேட்டு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819 ஆம் ஆண்டிலேயே அவர் கண்டறிந்தார். ஒளிப்படக் கலை பிறந்த 1839 ஆம் ஆண்டில் அதனை நிலைப்படுத்தப் பயன்படுத்தியும் காட்டினார். அது சற்றுத் தாமதமாகப் பணி செய்யும். படத்தை நெடுநேரம் கழுவவும் வேண்டும். ஆனால், உயிருக்கு உலை வைப்பதில்லை. சில நிமிடங்களை மிச்சப்படுத்தக் கொடிய நஞ்சைத் தேர்ந்தோர் செய்தது நல்ல வாணிகமாகுமா?

இவற்றைக் கேட்டு, இரசாயனப் பெயர் எதைக் கண்டாலும் அஞ்சி ஓடுதலும் தவறு. 1842 ஆம் ஆண்டில் ஹெர்ஷல் கண்ட நீலப்பட முறையே இதற்குச் சான்று. ஃபெரிக அம்மோனியம் சிட்ரேட்டு, பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்னும் இரு பொருள்களின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி உலர்த்தி, அதன் மீது இலையையோ பூவையோ பரப்பி வெயிலில் வைத்து, பின் வெறும் நீரில் கழுவினால் அழகிய நீல நிறப் படம் கிடைக்கும். அன்னா அட்கின்சு என்னும் ஆங்கில அம்மையார் 1843 ஆம் ஆண்டு முதல் கடற்பாசிகளை இம்முறையில் படமாக்கி நூலாக வெளியிட்டார். ஒளிப்படங்களைக் கொண்டு விளக்கிய முதல் நூலாக அதனைக் கருதுவர். பிற்காலத்தில் பொறியாளர்கள் கட்டட வரைபடங்களைப் படியெடுக்கவும் இம்முறையே பயன்பட்டது.

ஃபெரிசயனைடு என்னும் பெயரில் சயனைடு ஒலிப்பதால் பலர் மருள்கின்றனர். அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கின்றது. ஆதலால் அது பொட்டாசியம் சயனைடு போன்ற கொடிய நஞ்சன்று. ஆனால், வலிய அமிலத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அப்பிணைப்பு தளர்ந்து நச்சுவாயு வெளிப்படும். ஒரே பொருள் ஓரிடத்தில் அடங்கியிருக்கின்றது, மற்றோரிடத்தில் சீறுகின்றது. ஆகவே, பெயரைக் கேட்டு அஞ்சுவதும் பெயரைக் கேட்டுத் துணிவதும் ஒருங்கே தவறாகும். பொருளின் இயல்பையும், அஃது எதனோடு சேர்ந்தால் எவ்வாறு மாறும் என்பதையும் அறிதலே உண்மையான பாதுகாப்பு.

பிசின் முறை என்பது மற்றொன்று. பிசினையும் வண்ணத்தையும் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலோடு கலந்து தாளில் பூசுவர். ஒளிபட்ட இடத்தில் பிசின் இறுகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஒளிபடாத இடத்தில் நீரில் கரைந்து நீங்கும். இவ்வாறு ஓவியம் போன்ற படம் உண்டாகின்றது. டைகுரோமேட்டின் செம்மஞ்சள் நிறம் கண்ணைக் கவர்வது. அதன் உள்ளியல்போ கொடுமை வாய்ந்தது. அதிலுள்ள குரோமியம் தோலில் ஆறாத புண்களை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் பின்னர்ச் சிறிதளவு பட்டாலும் தோல் வெடித்து அரிக்கும். அதன் தூசியை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் தோன்றவும் கூடும். இதனைக் கையுறையின்றித் தொடுவதும், தூளாகக் காற்றில் பறக்கவிடுவதும் பெருந்தீங்காகும். பள்ளிச் சிறுவர் கையில் இதனைத் தருதல் அறவே கூடாது.

நச்சுப்பொருள் நம் உடலிற் புகும் வாயில்கள் மூன்று. அவை மூச்சு, தோல், வாய் என்பன. இருட்டறை விதிகள் யாவும் இம்மூன்று வாயில்களையும் காக்கும் காவலர்களே.

மூச்சைக் காப்பதற்குக் காற்றோட்டம் வேண்டும். ஒளி புகாத அறை காற்றும் புகாத அறையாக இருத்தலாகாது. கெட்ட காற்றை வெளியேற்றும் விசிறி ஒருபுறமும், ஒளியை மறைத்துக் காற்றை விடும் வழி மறுபுறமும் அமைதல் நன்று. தூள்களை நிறுக்கும்போது தூசி எழாமல் மெல்ல நிறுத்து, அதற்குரிய முகமூடியை அணிதல் வேண்டும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும் என்று எண்ணுவோர் உளர். துணி நச்சாவியைத் தடுக்காது.

தோலைக் காக்கக் கையுறையும் முன்னாடையும் வேண்டும். தட்டிலிருந்து தாளை எடுக்க இடுக்கியைப் பயன்படுத்துக. உருவை வெளிப்படுத்தும் கரைசலுக்கு ஓர் இடுக்கியும், ஹைப்போவுக்கு வேறோர் இடுக்கியும் இருத்தல் முறை. பைரோகல்லால் போன்ற பொருள்கள் தோலின் வழியே குருதியிற் கலக்கும் இயல்புடையன. வலி இல்லை என்பதால் கேடு இல்லை என்று கொள்ளுதல் கூடாது.

வாயைக் காத்தல் எளிது போலத் தோன்றும். ஆயினும் இதிலேதான் பெரும்பிழைகள் நேர்கின்றன. இருட்டறையில் உண்ணலும் பருகலும் ஆகா. சமையலறைப் பாத்திரங்களையும் கரண்டிகளையும் இருட்டறைக்குக் கொண்டு செல்லுதல் ஆகாது. கொண்டு சென்றவை மீண்டும் சமையலறைக்குத் திரும்புதலும் ஆகாது. குடிநீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ கரைசலை ஊற்றி வைத்தல் கொலைக்கு ஒப்பான செயலாகும். தாகத்தோடு வரும் குழந்தைக்குப் புட்டியின் உருவமே தெரியும். உள்ளிருக்கும் பொருள் தெரியாது. ஒவ்வொரு புட்டியிலும் பொருளின் பெயர், அளவு, கரைத்த நாள், நஞ்சாயின் நஞ்சு என்னும் குறிப்பு ஆகியவற்றை ஒட்டி, குழந்தைகள் எட்டாத பூட்டிய அலமாரியில் வைத்தல் வேண்டும்.

இருளில் வேலை செய்வோர்க்கு ஒழுங்கே விளக்கு. தட்டுகள் நாள்தோறும் ஒரே வரிசையில் இருந்தால் கை தவறுவதில்லை. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றுதல் கூடாது. மாற்றி ஊற்றினால், தோன்றும் வெப்பத்தால் நீர் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். தனியே வேலை செய்வதாயின், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிச் செல்லுதல் நன்று. காப்பையும் மீறி ஏதேனும் கண்ணிற் பட்டால், இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் விரைதல் வேண்டும். எவரேனும் விழுங்கிவிட்டால், தாமாக வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். புட்டியிலுள்ள பெயர் மருத்துவருக்கு வழிகாட்டும்.

வேலை முடிந்து கதவை மூடியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. மிஞ்சிய கரைசலைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டினால், நாம் தப்பித்த நஞ்சு அயலார் குடிநீரிற் சென்று சேரும். இராணிப்பேட்டையில் குரோமேட்டு உப்புகளைச் செய்துவந்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. அங்கே குவிந்து கிடந்த குரோமியக் கழிவு மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. தொழிற்சாலையின் கழிவுக் குவியலுக்கும் கலைஞரின் கிண்ணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. எனினும், இரண்டிலும் உள்ள நஞ்சு ஒன்றே. ஆதலால், பயன்படுத்திய நச்சுக் கரைசல்களைத் தனித்தனிக் கலங்களில் பெயரொட்டிச் சேர்த்து, அவற்றை முறையாக அகற்றும் உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பழைய ஹைப்போவிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தவும் இயலும்.

மாணவர்களே, இக்கலையை நீங்களும் கற்க விரும்பினால் நீலப்பட முறையிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர் உடனிருக்க, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, உங்கள் பள்ளித் தோட்டத்து வேப்பிலையைத் தாளின் மீது வைத்து வெயிலில் காட்டுங்கள். நீரில் கழுவுகையில் நீலத்தின் நடுவே இலையின் வெண்ணிற வடிவம் தோன்றும்போது, ஹெர்ஷல் காலத்து மக்கள் அடைந்த வியப்பை நீங்களும் அடைவீர்கள். ஒவ்வொரு விதியையும் கேட்டவுடன், அது ஏன் ஏற்பட்டது என்றும் வினவுங்கள். காரணம் அறியாது பின்பற்றும் விதி, அவசரம் வந்தபோது மறந்துபோகும். காரணம் அறிந்த விதியோ இருளிலும் கைவிடாது.

வினாக்கள்

1. பாதரச ஆவியால் நேரும் தீங்கை மக்கள் எளிதில் உணராமைக்குக் காரணம் யாது?
2. உருவை வெளிப்படுத்திய தகட்டைச் சயனைடில் இடுமுன் நீரில் கழுவ வேண்டியது ஏன்?
3. ஹெர்ஷல் ஒளிப்படக் கலைக்குச் செய்த தொண்டுகளைத் தொகுத்து எழுதுக.
4. நச்சுப்பொருள் உடலிற் புகும் மூன்று வாயில்களையும், அவற்றைக் காக்கும் முறைகளையும் விளக்குக.
5. ‘அறியாமையினும் பழக்கம் சில வேளைகளில் கொடிது’ — இக்கூற்றை உங்கள் வீட்டில் காணும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்கி ஒரு பத்தி வரைக.